கருவேலுக்குச் சொட்டு நீர்

அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துச் சாண்ட்லரில் அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடை வளாகம் இருக்கிறது. மளிகைக் கடை, மருந்துக் கடை, பிட்சா கடை, முன்னால் கார் நிறுத்த ஒரு பெரிய பொட்டல். பொட்டலின் நடுவே சிமெண்டுக் கரை கட்டிய பாத்திகளில் வரிசையாக மரங்கள். நான் மினசோட்டாவிலிருந்து வந்து இறங்கிய மறுநாள், டிசம்பர் மூன்றாம் வாரம், பால் வாங்கப் போனபோது அம்மாவும் கூட வந்தாள். காரை விட்டு இறங்கியவள் கடைப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே பாத்திக்குப் போய்த் தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்து இலையை உருவிப் பார்த்தாள். பிறகு குனிந்து, அடிமரத்தைச் சுற்றி ஓடிய கறுப்புக் குழாயைச் செருப்புக் காலால் நகர்த்திப் பார்த்தாள்.

"ஏண்டி, இது நம்ம ஊருக் கருவேல்தான?"

"அந்தச் சாதிதாம்மா. இங்க மெஸ்கீட்னு சொல்லுவாங்க."

"கருவேலுக்கா தண்ணி விடுறாங்க?"

"ஆமா. சொட்டு நீர்ப் பாசனம்."

அம்மா சிரித்த சிரிப்பில், வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவும் எதற்கென்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு அம்மா சொன்னாள்: "மேலாகத் தண்ணி காட்டி வளத்தா வேர் கீழ இறங்காது. ஒரு பேய்க்காத்துக்கு நிக்காது பாரு."

கருவேலைப் பற்றி அம்மா சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும். எங்கள் ஊர் முதுகுளத்தூர்ப் பக்கம். அப்பா கரிமூட்டம் போட்டவர். சீமைக்கருவேலை வெட்டி, அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் காவல் இருந்து கரியாக்கி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றிய காசில்தான் அக்கா இன்ஜினியரிங் படித்தாள். அவள் பின்னாலேயே நானும் படித்தேன். அந்த மரம் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, ஊரைக் கெடுக்கிறது என்று 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவின்பேரில் மாவட்டம் மாவட்டமாக வெட்டினார்கள். எங்கள் வீட்டில் அதற்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. சோறு போட்ட மரம். ஆனால் கண்மாயை அடைத்துக்கொண்டதும் அதே மரம்தான்.

அரிசோனாவில் இருப்பது அச்சாக அதே மரம் இல்லை. இந்த மண்ணிலேயே பிறந்த சித்தி மகள் முறை என்று வைத்துக்கொள்ளலாம். நம் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னியும் இதற்கு நெருங்கிய சொந்தம். ஒரே வம்சத்தில் ஒன்றுக்கு மஞ்சள் குங்குமம், ஒன்றுக்கு அரிவாள், ஒன்றுக்குச் சொட்டு நீர்.

நான் ஏன் அங்கே போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இருபது வருடமாக மினசோட்டாவில் இருக்கிறேன். ஜனவரியில் மைனஸ் 25 டிகிரி என்பதெல்லாம் அங்கே செய்தியே இல்லை. மகன் கல்லூரிக்குப் போய்விட்டான், என் வேலை மடிக்கணினிக்குள் அடங்கிவிட்டது, அம்மாவும் விசிட்டர் விசாவில் அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். பனி தள்ளும் பொறுப்பைக் கணவரிடம் கொடுத்துவிட்டு ஏழு வாரத்துக்குக் கிளம்பிவிட்டேன். என்னைப் போலக் குளிருக்குப் பயந்து தெற்கே ஓடிவருபவர்களை அங்கே 'பனிப்பறவைகள்' என்று சொல்கிறார்கள். மெசா, அபாச்சி ஜங்ஷன் பக்கமெல்லாம் வீட்டு வண்டிகள் நிறுத்தும் பூங்காக்கள் அவர்களால் நிரம்பி வழியும். கடை வாசலில் ஐயோவா, டகோட்டா, கனடா என்று எல்லா ஊர் நம்பர் பிளேட்டும் நிற்கும். எங்கள் மினசோட்டா பிளேட்டில் 'பத்தாயிரம் ஏரிகள்' என்று எழுதியிருக்கும். பத்தாயிரம் ஏரியை உறையவிட்டுவிட்டு ஏரியே இல்லாத ஊருக்கு வந்து வெயில் காய்கிற கூட்டம்.

அக்கா வீட்டில் முதல் சண்டை வெயிலைப் பற்றித்தான். பகலில் 19, 20 டிகிரி. நான் அரைக்கைச் சட்டையோடு கொல்லையில் உட்கார்ந்து வேலை பார்ப்பேன். அக்கா ஸ்வெட்டரும் காலுறையுமாக உள்ளிருந்து எட்டிப் பார்த்து "சளி பிடிக்கப் போகுதுடி" என்பாள். "இந்த ஊர் சொர்க்கம்க்கா" என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பிடித்துக்கொண்டாள். 2023 ஜூலையில் தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரிக்குக் குறையவில்லை என்றும், அந்த மாதம் முழுக்க நாயை விடியற்காலை நாலரை மணிக்கு நடக்கக் கூட்டிப்போனாள் என்றும், கார் ஸ்டீயரிங்கைத் துணி சுற்றித்தான் பிடித்தாள் என்றும் தோசை வார்த்துக்கொண்டே சொன்னாள். "ஜூலைல வா, அப்பச் சொல்லு சொர்க்கம்னு." நான் தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

பாலைவனம் என்றால் மணல்மேடு என்று நினைத்துப் போகிறவர்களுக்குச் சொனோரன் பாலை ஏமாற்றம்தான். மரமும் செடியும் மண்டிக் கிடக்கும் நிலம் அது. வருடத்தில் இரண்டு பருவம் மழை பெய்கிறது: குளிர்காலத்தில் சாந்தமாக, ஜூலை ஆகஸ்டில் புழுதிக்காற்றும் இடியுமாக. இருந்தும் சாண்ட்லரை ஒட்டிய பெருநகரம் ஃபீனிக்ஸின் ஆண்டு மழை 200 மில்லிமீட்டர்கூட இல்லை. எங்கள் ராமநாதபுரத்தில் அதைப்போல நான்கு மடங்கு பெய்கிறது. இதை அம்மாவிடம் சொன்னபோது நம்பவில்லை. நாங்கள் குடம் பத்து ரூபாய்க்குத் தண்ணீர் வாங்கியவர்கள். இங்கே அக்கா தெருவில் பாதி வீட்டில் நீச்சல் குளம்.

பள்ளிக்கூடத்தில் பாலைத் திணைக்குப் பொழுது நண்பகலும் வேனிலும் என்று படித்துவிட்டு, கூடவே 'பின்பனியும் உண்டு' என்று ஒரு மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தோமே, அந்தச் சலுகை எதற்கென்று அப்போது புரியவில்லை. இங்கே காலை ஏழு மணிக் குளிரில், சவாரோ கள்ளிகளின் நிழல் மலைச்சரிவில் நீண்டு கிடப்பதைப் பார்த்தபோது, இலக்கணக்காரர்கள் அனுபவத்தில்தான் எழுதியிருக்கிறார்கள் என்று பட்டது. மாசி பிறப்பதற்குள் ஊர் திரும்பிவிட்டேன் என்பதால், கணக்குப்படி நான் பார்த்தது பின்பனி அல்ல, முன்பனி.

சவாரோ என்பது அமெரிக்கப் படங்களில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அந்தக் கள்ளி. டூசான் நகரின் இரு பக்கமும் இதற்காகவே ஒரு தேசியப் பூங்கா இருக்கிறது. முதல் பத்து ஆண்டில் ஓரிரு அங்குலம்தான் வளருமாம். கை முளைக்க 50 முதல் 75 வருடம் ஆகும். அம்மாவுக்கு வயது 74. "அப்ப எனக்கு இனிமேத்தான் கை முளைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, ஒற்றைத் தூணாக நின்ற ஒரு கள்ளிக்குப் பக்கத்தில் நின்று போட்டோ எடுக்கச் சொன்னாள்.

மகன் விடுமுறைக்கு வந்த பத்து நாளில் கிராண்ட் கேன்யன் போனோம். சாண்ட்லரிலிருந்து நாலு மணி நேரம். கள்ளிக்காட்டில் கிளம்பி, ஏறி ஏறி, ஃபிளாக்ஸ்டாஃப் வரும்போது பைன் மரங்களும் முழங்கால் பனியும். தெற்கு விளிம்பே 2,100 மீட்டர் உயரம். வடக்கு விளிம்புக்குப் போகும் பாதையைக் குளிர்காலத்தில் பனி மூடிவிடும். நான் எந்தக் குளிருக்குப் பயந்து ஓடி வந்தேனோ அது அங்கே விளிம்பில் உட்கார்ந்து எனக்காகக் காத்திருந்தது. ஆனால் போவதானால் குளிர்காலத்தில்தான் போகவேண்டும் என்பேன். கூட்டம் இல்லை. மற்ற மாதங்களில் பேருந்தில் மட்டுமே போகக்கூடிய ஹெர்மிட் சாலையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சொந்தக் காரிலேயே போகலாம். செம்பாறை அடுக்குகளின் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு இழுத்தது போலப் பனி.

446 கிலோமீட்டர் நீளம், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் ஆழம் என்றெல்லாம் அத்தான் பலகையைப் படித்துச் சொன்னார். அம்மாவுக்கு அது எதுவும் ஏறவில்லை. தூரத்துச் சிகரங்களின் பெயரைச் சொன்னதும்தான் நிமிர்ந்தாள். விஷ்ணு கோயில், பிரம்மா கோயில், சிவன் கோயில். நிஜமாகவே அப்படித்தான் பெயர். கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் 1880-களில் கீழைத் தெய்வங்களின் பெயரை வைக்கும் பழக்கத்தைத் தொடங்கிவைத்தார். பின்னால் வந்தவர்கள் ராமர், கிருஷ்ணர் வரை கொண்டுபோனார்கள். அடியாழத்தில் கிடக்கும் 170 கோடி வருடத்துப் பாறைக்கும் விஷ்ணுவின் பெயர்தான்.

"முருகன் இல்லையா?"

மகன் வரைபடத்தை விரித்துத் தேடினான். "இல்ல அம்மாச்சி."

"மலையும் பள்ளமும் இம்புட்டு இருக்கு, முருகனை விட்டுட்டானே" என்று அம்மா அந்த ஆங்கிலேயப் பெயர்க்காரரை நொந்துகொண்டாள். பேரன் அவர் அமெரிக்கர் என்று திருத்தினான். "எல்லாம் ஒண்ணுதான்."

செடோனாவைப் பற்றி எல்லோரும் உருகுகிறார்கள். செம்மலைகள் அழகுதான், ஆனால் பார்த்ததைவிட கார் நிறுத்த இடம் தேடியது அதிகம். மாண்டெசுமா காசில் நன்றாக இருந்தது. செங்குத்துப் பாறையில் குருவிக்கூடு போல ஒட்டவைத்த இருபது அறை வீடு. மாண்டெசுமா என்ற பழைய மெக்சிகோ அரசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, காசில் என்றாலும் அது கோட்டையும் இல்லை. லாஸ்ட் டச்சுமேன் பூங்காவில் மகன் ஒரு குட்டையான கள்ளியை உரசிப்போனான். சோய்யா என்று பெயர். தூரத்தில் பஞ்சு பொம்மை மாதிரி தெரியும்; லேசாகப் பட்டால்கூடக் கணு கழன்று கையோடு வந்துவிடும், முள்ளில் கொக்கி. பையன் அலறுகிறான், அத்தான் கைபேசியில் வைத்தியம் தேடுகிறார். அம்மா சுருக்குப்பையிலிருந்து ஈர்க்கோலியையும் சீப்பையும் எடுத்து, சீப்பைக் கள்ளிக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து ஒரே சுண்டு. கணு பத்தடி தள்ளிப் போய் விழுந்தது. அந்த ஊர்க்காரர்களும் மலையேறும்போது சீப்பு வைத்துக்கொள்வார்கள் என்று பிறகு அத்தான் படித்துச் சொன்னார். "சப்பாத்திக்கள்ளி பிடுங்காத கையா" என்றாள் அம்மா.

இவை எல்லாவற்றையும்விட என் மனதில் நிற்பது சுற்றுலாப் பட்டியலில் கடைசியாக வரும் ஓர் இடம். சாண்ட்லரிலிருந்து தெற்கே ஒரு மணி நேரத்தில் கூலிட்ஜ் என்ற சிற்றூர். அங்கே காசா கிராண்டே என்று ஓர் இடிபாடு. 'பெரிய வீடு' என்று அர்த்தம். 1350 வாக்கில் ஹோஹோகம் என்ற பழங்குடி மக்கள் கட்டிய நான்கு மாடி மண் வீடு. கட்டியது அந்த நிலத்துச் சுக்கான் மண்ணைக் குழைத்து. மேலே வெயிலும் மழையும் படாமல் 1932-ல் அரசாங்கம் இரும்புத் தூண் நட்டு ஒரு கூரை போட்டிருக்கிறது. வெறும் மண் சுவருக்கு இரும்புக் குடை.

போகிற வழியில் ஹீலா ஆறு. பாலத்தில் பெயர்ப்பலகை இருக்கிறது, கீழே மணல்தான் இருக்கிறது. அம்மா கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டு "வைகை" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

அந்த ஆற்றை நம்பித்தான் ஹோஹோகம் மக்கள் நூற்றுக்கணக்கான மைலுக்குக் கையால் கால்வாய் வெட்டி, மக்காச்சோளமும் பருத்தியும் விளைவித்தார்கள். பக்கத்து உப்பாற்றில் அவர்கள் வெட்டிய கால்வாய்த் தடத்தின்மேல் மறுபடி உயிர்த்த ஊர் என்றுதான் ஃபீனிக்ஸுக்கு அந்தப் பெயரே வந்தது. அவர்களைத் தங்கள் முன்னோராகச் சொல்லும் அக்கிமெல் ஓதம் மக்கள், அதாவது பீமா மக்கள், அதே கரையில் நன்றாகவே விவசாயம் செய்தார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேலே குடியேறியவர்கள் ஆற்றைத் திருப்பிக்கொண்டார்கள். கீழே இருந்தவர்களுக்கு மணல் மட்டும் வந்தது. பயிர் போனது, பஞ்சம் வந்தது. தண்ணீருக்கான உரிமை 2004-ல் வந்த சட்டத்தில்தான் முறையாகத் திரும்பக் கிடைத்தது. இப்போது அவர்கள் வயலுக்கு வருவதில் ஒரு பெரிய பங்கு கொலராடோ ஆற்றுத் தண்ணீர். 336 மைல் நீளக் கால்வாய் ஒன்று பம்பு வைத்து மேடேற்றிப் பாலைக்குள் கொண்டுவரும் நீர். கடைமடைக்குத் தண்ணீர் வராத கதையை எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

திரும்பும்போது சாலையோரம் பருத்திக் காடு. அறுவடை முடிந்து, லாரிச் சக்கரம் உயரத்துக்கு உருளை உருளையாகப் பஞ்சைச் சுற்றிவைத்திருந்தார்கள். எந்திரம் விட்டுப்போன காய்கள் செடியில் அங்கங்கே வெடித்திருந்தன. அம்மா வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கி, சாலை ஓரத்தில் சிந்திக்கிடந்த ஒரு கொத்தை எடுத்து, விரலால் இழுத்து இழுத்து இழை பார்த்தாள். "நீள இழை. நல்ல பஞ்சு." பீமா பருத்தி என்று துணிக்கடையில் உசத்தியாகச் சொல்கிறார்களே, அந்தப் பெயர் இந்த மக்களிடமிருந்து போனதுதான் என்று சொன்னேன். கொத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள். இப்போது முதுகுளத்தூர் வீட்டுப் பூஜை அலமாரியில் திரிக்கு ஆகிக்கொண்டிருக்கிறது.

அன்று இரவு குளிர் ஏழு டிகிரிக்கு இறங்கியது. கொல்லையில் அக்கா நெருப்புத்தொட்டி வைத்திருக்கிறாள். கடையில் பிளாஸ்டிக் சுற்றிக் கட்டுக்கட்டாக விற்கும் மெஸ்கீட் விறகு. அத்தான் பற்றவைத்தார். புகை முதலில் என் பக்கம் வந்தது, பிறகு அம்மா பக்கம் திரும்பியது. அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஒங்கப்பா சட்டை" என்றாள்.

யாரும் பேசவில்லை. பேசாமல் விட்டிருக்கலாம். நான்தான் ஆரம்பித்தேன். ஊரில் அப்பா விட்டுப்போன மூன்று ஏக்கர் புஞ்சை, ஆள் நுழைய முடியாமல் கருவேல் அடைந்து கிடக்கிறது. சூரிய மின்பண்ணைக்கு நிலம் வாங்குகிறவர்கள் விலை கேட்கிறார்கள். விற்றுவிடலாம் என்பது அக்காவின் எண்ணம். நான் கூடாது என்றேன். அப்பா மூட்டம் போட்ட இடம், சுத்தம் செய்து மரக்கன்று வைக்கலாம், ஓதம் மக்கள் நூறு வருடத்துக்கு மேல் நிலத்தை விடவில்லையே என்று அன்று பகலில் பார்த்ததையெல்லாம் சேர்த்துப் பேசினேன்.

அக்கா குச்சியால் நெருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். "வரி யார் கட்டுறா? வேலி போச்சுன்னு போன் வந்தா யார் எடுக்குறா? பக்கத்துக் காட்டுக்காரன் வரப்பை வெட்டுனப்ப மே மாசத்துல போய் நின்னது யாரு? நீ எப்பப் போன? பொங்கலுக்கு. எல்லா ஊருக்கும் நீ பனிக்கு மட்டும் வர்றவடி."

எனக்குச் சுருக்கென்றது. பதில் ஒன்றும் வரவில்லை. அம்மா இரண்டு பேரையும் பார்க்காமல், "வெறகு நல்லாக் காஞ்ச வெறகு" என்றாள்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அக்காவும் நானும் அளவாகப் பேசிக்கொண்டோம். சமையலறை சின்னதாகிவிட்டது. மூன்றாம் நாள் அவளே "வா, பறவை பார்க்கப் போவோம்" என்று கில்பர்ட்டுக்குக் கூட்டிப்போனாள். நகரத்துக் கழிவுநீரைச் சுத்திகரித்து ஏழு குளங்களில் மாற்றி மாற்றி விடுகிறார்கள். தண்ணீர் மெல்ல நிலத்துக்குள் இறங்கி ஊற்றாகச் சேருகிறது. கரையெல்லாம் நாணலும் மெஸ்கீட்டும். குளத்தில் வாத்து, நாரை, உள்ளான். கழிவுத் தண்ணீர் என்றதும் அம்மா மூக்கைப் பொத்தினாள். நாற்றம் இல்லை என்றதும் கையை எடுத்துவிட்டுக் கரையை அளந்து நடந்தாள். "மடை எங்க இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தே விட்டாள். எங்கள் ஊரின் சித்திரங்குடிக் கண்மாய்க்கும் குளிர்காலத்தில் இப்படித்தான் பறவை வரும். அக்கா பிளாஸ்கிலிருந்து எனக்கு முதலில் காபி ஊற்றினாள். சரி, சமாதானம்.

டூசானில் டோஹோனோ ஓதம் மக்களின் நிலத்தில் சான் சேவியர் என்று ஒரு தேவாலயம், வெள்ளை வெளேரென்று, 1797-ல் கட்டி முடித்தது. ஒரு கோபுரம் மட்டும் முடியாமல் நிற்கிறது. பக்கத்தில் அந்த மக்களின் கூட்டுறவுப் பண்ணை இருக்கிறது. அங்கே மெஸ்கீட் நெற்றை அரைத்த மாவு விற்றார்கள். பரம்பரைச் சாப்பாடு, இனிப்பாக இருக்கும். ஒரு பை வாங்கிவந்தேன். விலையைக் கேட்டு அம்மா நெஞ்சில் கை வைத்தாள்: "ஆடு திங்கிறதையா இம்புட்டுக் காசு குடுத்து வாங்கின?" மறுநாள் காலையில் பார்த்தால், கோதுமை மாவோடு கலந்து, கொஞ்சம் கருப்பட்டி போட்டு, பணியாரக் கல் இல்லாததால் தோசையாகவே ஊற்றிக்கொண்டிருந்தாள். கருகிய வெல்லமும் பட்டையும் சேர்ந்தாற்போல ஒரு வாசம். அத்தான் நாலு சாப்பிட்டார். அம்மா ஒன்று சாப்பிட்டுவிட்டு, "ஆடு வெவரமானதுதான்" என்றாள்.

பிப்ரவரி முதல் வாரம் நான் கிளம்பினேன். மினியாபொலிஸில் இறங்கியபோது மைனஸ் 19. அம்மா ஏப்ரலில் ஊருக்குப் போனாள். நிலம் அப்படியே இருக்கிறது. இந்த வருடத் தீர்வையை நான் கட்டினேன்.

ஆகஸ்டில் ஒருநாள் அக்கா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டாள். முந்தின நாள் மாலை புழுதிப்புயலும் மழையும் அடித்திருக்கிறது. அந்தக் கடை வளாகத்துக் கார் பொட்டலில் மூன்று மெஸ்கீட் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்தன. வேர் கீழே போகவே இல்லை. தட்டு மாதிரி, பாத்தி அகலத்துக்கு மட்டும், சொட்டு நீர்க் குழாயைப் பின்னிக்கொண்டு மேலே தூக்கி நின்றது. 'அம்மா சொன்னது பலிச்சிடுச்சு' என்று எழுதியிருந்தாள்.

முதுகுளத்தூரில் அப்போது விடிகாலை. அம்மா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருப்பாள் போலிருக்கிறது, பதில் வரக் கொஞ்சம் நேரமானது. குரல் பதிவு. பின்னால் சேவல் கூவுகிறது.

"நல்ல வைரம் பாஞ்ச மரமாத் தெரியுது. வெறகு யாருக்காம்? கேட்டு வை."